இம்மானுவேல் போட்ட ரெண்டு மார்க்

ராஜபாளையத்து மில் ஒன்றில் நூலின் தரம் பார்க்கிற லேபில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறார் இம்மானுவேல். வயது நாற்பத்தேழு. சொந்த ஊர் சோழபுரம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நூலை எடை போடுவார், இழுத்து அறுத்துப் பார்ப்பார். சரியில்லை என்றால் சீட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தக் கோட்டை மீறி மேஸ்திரியும் பேச முடியாது, மேனேஜரும் பேச முடியாது. ஆனால் சீட்டில் அவர் பேர் இருக்காது. மூலையில் 'இ' என்று ஒற்றை எழுத்து, அம்புட்டுதான்.

அவர் பேச்சுக்குக் காத்திருக்கிற ஆட்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

லாந்தர் என்று ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒரு குட்டை ஆள் கையில் லாந்தர் விளக்கைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடுவான், தாவுவான், குழியில் விழுவான். அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. ஆனால் அவன் ஓடுகிற பாதையை யார் வேண்டுமானாலும் புதிதாகக் கட்டிக்கொள்ள அதிலேயே வசதி உண்டு. அப்படிக் கட்டுகிற ஒவ்வொன்றுக்கும் லெவல் என்று பேர். தமிழ்க்காரர்கள் முந்நூறு பேர் நெட்டில் ஒரு குழு வைத்துக்கொண்டு இன்னும் கட்டுகிறார்கள், ஆடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மில் ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டியபோது இம்மானுவேல் ஒன்றை வாங்கி வந்தார். உள்ளே யாரோ விளையாடிவிட்டு அழிக்காமல் விட்ட லாந்தர் இருந்தது. அன்று பிடித்தது. கட்டுவதற்கு அவருக்குக் கை வராது. ஆடிப் பார்த்து, எது நன்று, எது குப்பை என்று எழுத ஆரம்பித்தார். குழுவில் அவர் பேர் 'சோழபுரத்தான்'. முந்நூற்று நாற்பது லெவலுக்கு மார்க் போட்டிருக்கிறார். பத்துக்கு எட்டுக்கு மேல் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

'படி அழகு. வௌவால் வருகிற இடத்தில் ஆள் நிற்க இடமில்லை. ஆறு.'

'பாட்டு நன்றாக இருக்கிறது. லெவல் நன்றாக இல்லை. மூன்று.'

இப்படித்தான் எழுதுவார். திட்டு வாங்கினவர்களும் அடுத்த லெவலைக் கட்டி அவரிடம்தான் முதலில் கொண்டுவந்தார்கள். காரணம், அவர் பார்க்கிற விதம். ஒரு லெவலை மூன்று தடவை ஆடாமல் மார்க் போட மாட்டார். ஷிப்ட் முடிந்து களைப்போடு ஒரு தடவை. வார லீவில் குளித்துச் சாப்பிட்டு ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து ஒரு தடவை. களைத்த ஆளுக்கும் அது ஆட வேண்டும், தெளிந்த ஆளுக்கும் ஆட வேண்டும் என்பது அவர் கணக்கு. பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து இடது பக்கம் 'நான்' என்றும் வலது பக்கம் 'அவன்' என்றும் எழுதி வைத்திருப்பார். ஒவ்வொரு தடவை விழும்போதும் நிறுத்தி யோசிப்பார். தன் கை பிசகியதா, கட்டியவன் செய்த கோளாறா? அதற்குத் தக்கபடி ஒரு குச்சி. 'அவன்' பக்கத்துக் குச்சிகளுக்கு மட்டும்தான் மார்க் குறையும்.

கார்த்திகை மாதம் குழுவில் போட்டி நடக்கும். சிவகாசியில் அச்சாபீஸ் வேலை பார்க்கிற நவநீதகிருஷ்ணன்தான் அதை நடத்துகிறவர். வருகிற லெவல் எல்லாம் முதலில் இம்மானுவேலிடம் போகும். இதை முடிக்கவே முடியாது என்று அவர் எழுதிவிட்டால் அது வெளியே. மற்ற நடுவர்கள் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

இந்த வருஷம் 'தேரடி' என்ற பேரில் ஒருவர் 'திருவண்ணாமலைப் படி' என்று ஒரு லெவலைக் குழுவில் போட்டிருந்தார். பெரிய சிவன் கோயில் இருக்கிற ஊர் இல்லை, அதே பேரில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற பெருமாள் மலை. புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டம். மொட்டை போட்ட தலைகள், இடுப்பில் பிள்ளைகள், விளக்கைப் பிடுங்க வருகிற குரங்குகள். அதற்கு நடுவே குட்டை ஆள் படியேற வேண்டும். இம்மானுவேலுக்கு அடித்தாற்போலப் பிடித்துவிட்டது. பாதி மலை வரை நாலே குச்சி. நாலும் 'நான்' பக்கம்.

உச்சியில் கடைசிப் படிக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு பள்ளம். லாந்தரில் ஸ்பேஸ் கீயைத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் நீளத் தாவல். இது நீளத் தாவல். பிடித்துத் தாவினார். மண்டபத்து விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போதே குட்டை ஆள் விழுந்தான். உச்சியில் விழுந்தால் கடைசிப் படியிலிருந்தே ஆடலாம். மறுபடி தாவினார். மறுபடி அதே ஒரு சாண். மூன்று நாளில் நூற்றுப் பன்னிரண்டு தடவை விழுந்தார். நூற்றுப் பன்னிரண்டு குச்சியும் 'அவன்' பக்கம்.

கோபம் வந்தால் இம்மானுவேலுக்குக் கை நிற்காது. எழுதினார்.

'தம்பி தேரடி, படி நன்றாகக் கட்டியிருக்கிறாய். கடைசித் தாவலை மனுஷன் தாவ முடியாது. நீ ஒரு தடவைகூட முடித்துப் பார்க்கவில்லை. நான் முடித்தேன் என்று கீழே எழுதியிருப்பது பொய். இரண்டு மார்க்.'

லெவலை வெளியிடுகிறவர் தானே ஒரு தடவை முடித்துவிட்டு, கீழே 'நான் முடித்தேன்' என்று எழுத வேண்டும். குழுவின் முதல் சட்டம் அது. மோசமான லெவல் கட்டலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பொய்யாக அந்த வரியை எழுதியவனுக்கு மட்டும் அங்கே மரியாதை கிடையாது.

மறுநாள் பார்த்தால் தேரடியின் லெவல் ஒன்றுகூட இல்லை. பழையது அஞ்சு, இது ஒன்று, ஆறையும் எடுத்துவிட்டுப் போயிருந்தார். பதில் என்று ஒரு வார்த்தை இல்லை.

"மடியில கனம். அதான் ஓடிட்டான்" என்றார் இம்மானுவேல்.

இரண்டு நாள் கழித்துத் தூத்துக்குடியிலிருந்து கிளாட்வின் போன் செய்தான். மீன் கடை வைத்திருக்கிறவன், குழுவில் பழைய ஆள்.

"அண்ணே, திருவண்ணாமலைய எடுக்கிறதுக்கு முன்னாடியே நான் இறக்கி வச்சிருந்தேன். கடைசித் தாவல் தாவிட்டேன்."

"எத்தனாவது தடவையில?"

"மூணாவது. வீடியோ போட்டிருக்கேன், பாருங்க."

"வெட்டி ஒட்டியிருப்ப."

"ஏ அண்ணே, எனக்கு அதுக்கு எங்க நேரம்? இங்க ஐஸ் உருகிட்டுக் கெடக்கு."

இம்மானுவேல் வீடியோவைப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். வெட்டி ஒட்டியது என்றே வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டாரே தவிர, மூன்றாம் தடவையும் திறந்து பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் மனைவி ஏசம்மாள் தையல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தளவாய்புரத்துக்காரர்களுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறவள். வாரம் ஒரு நாள் சின்ன பிரஷ்ஷால் மெஷினுக்குள் அடைந்த பிசிறை எடுத்துவிடுவாள். கம்ப்யூட்டரும் மெஷினும் ஒரே அறையில்தான். பிரஷ் கையில் இருந்த வாக்கில் கீபோர்டையும் கவிழ்த்துத் தட்டினாள்.

"இந்தா, இங்க வந்து பாருங்க."

"என்னட்டி?"

"தலகாணியே தைக்கலாம் போலிருக்கு."

ஸ்பேஸ் கீயின் அடியிலிருந்து சுண்டு விரல் நீளத்துக்குப் பஞ்சுத் திரி ஒன்றை உருவி எடுத்துக் காட்டினாள்.

"உன் மெஷின் பிசிறு" என்றார் அவர்.

"என் பிசிறா? இந்த வாரம் பூரா ஊதாவும் பச்சையும் தச்சிருக்கேன். இது வெள்ள வெளேர்னு இருக்கு. மில்லுல இருந்து வந்து, தலையக்கூட உதறாம நேரா இதுக்கு முன்னாடிதான உக்காருதீக?"

இம்மானுவேல் தலையைத் தடவினார். விரலில் பஞ்சு ஒட்டியது. கீபோர்டை வாங்கி மாட்டி, திருவண்ணாமலைப் படியைத் திறந்தார். லெவல் குழுவில் இல்லையே தவிர அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. உச்சிக்குப் போய் ஸ்பேஸை அழுத்திப் பிடித்தார்.

குட்டை ஆள் பள்ளத்தைத் தாண்டி மண்டபத்தில் போய் நின்றான். முதல் தடவையே.

பஞ்சுதான் வேலையைக் காட்டியிருக்கிறது. தட்டினால் கீ ஒழுங்காக வேலை செய்தது, அதனால் எழுதும்போது ஒன்றும் தெரியவில்லை. அழுத்திப் பிடித்தால் மட்டும் அடியில் இருந்த பஞ்சு கீயை மெல்ல மேலே தள்ளி, பாதியில் விடுவித்துவிட்டது. முழு நீளத் தாவல் கேட்கிற லெவல் அபூர்வம். இது கேட்டது.

அவர் வேலை பார்க்கிற லேபில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் நூலைத் தராசில் வைக்கும் முன்னால், அளவு தெரிந்த எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் அதைச் செய்யாமல் அவர் நூலைத் தொட்டதில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. தராசுக் கோளாறால் நல்ல நூலுக்குச் சிவப்புக் கோடு விழுந்துவிட்டால், கோடு போட்டவர் அந்த நூலைக் கையில் எடுத்துக்கொண்டு அது ஓடின மெஷினுக்கே போக வேண்டும். அங்கே நிற்கிற ஆட்களின் முன்னால், தப்பு என்னுது என்று சொல்ல வேண்டும்.

நவநீதகிருஷ்ணனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க மாத்தி எழுதினா நான் ஏத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ஆனா லெவலைக் கட்டுன ஆள்தான் திரும்பப் போடணும், நாம போடக் கூடாது. புதன்கிழம சாயங்காலம் ஆறு மணியோட பட்டியலை மூடிருவேன்."

தேரடிக்கு மூன்று செய்தி அனுப்பினார். பதில் இல்லை. கிளாட்வினைக் கேட்டதில், ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகத் தெரிந்தது.

"எழுதிப் போட்டா போதாதாக்கும்? பஸ் ஏறிப் போய்த்தான் சொல்லணுமா?" என்றாள் ஏசம்மாள்.

"ஆளைப் பொய்யன்னு எழுதியிருக்கேன்ட்டி."

பஞ்சுத் திரியை ஒரு கவரில் போட்டு அவர் பையில் வைத்தாள்.

புதன்கிழமை அவருக்கு வார லீவு. பதினொரு மணிக்குக் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பட்டா, ரேஷன் கார்டு என்று போர்டு. உள்ளே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கண்ணை எடுக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, தேரடிங்கிறது..."

"நேராப் போயி வலது பக்கம் திரும்புங்க. பெரிய தேரே நிக்கும், கண்ணுக்குத் தப்பாது."

"எடமில்லம்மா, ஆளு. லாந்தர் வெளையாட்டுல திருவண்ணாமலை கட்டுன தம்பி."

தட்டுகிற கை நின்றது. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"நான் சோழபுரத்தான்."

"தம்பி இல்ல. தங்கச்சிதான். பேரு யோகேஸ்வரி." மேஜையிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினாள். "டோக்கன் ஒம்போது. உக்காருங்க, கூப்பிடுதேன்."

இம்மானுவேல் உட்கார்ந்தார். ஒன்றே கால் மணி நேரம் உட்கார வைத்தாள். அவருக்குப் பின்னால் வந்தவர்களைக்கூட இரண்டு பேரை முன்னால் விட்டாள்.

ஒன்பதைக் கூப்பிட்டதும் எழுந்து போய்க் கவரை மேஜையில் வைத்தார்.

"இது என்ன?"

"பஞ்சு. என் ஸ்பேஸ் கீக்கு அடியில கெடந்துச்சு. தாவலுல ஒரு கொறையும் இல்ல. என் கீபோர்டுதான் கோளாறு. நான் அதப் பாக்கல. நீ சொன்னதப் பொய்யின்னு எழுதிட்டேன். தப்பு என்னுதும்மா."

அவள் கவரைத் திறந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை.

"ரெண்டு மார்க் போட்டீக, அது போயிட்டுப் போகுது. பொய்யின்னு எழுதுனீக பாருங்க. எட்டு மாசம் கட்டுனேன் அண்ணாச்சி. நாப்பது தடவ முடிச்சிருக்கேன். அதப் படிச்ச பொறவு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. மறுபடி ஆடுனேன், தாவுச்சு. கட்டுனவளா இருக்கிறதால எனக்கு மட்டும் தாவுதோன்னு தோணிருச்சு. அத்தனையும் எடுத்துட்டேன்."

"மாத்தி எழுதிருதேன். ஆறு மணிக்குள்ள நீ திரும்பப் போட்டாப் போதும், போட்டிக்குப் போயிரும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பத்துக்குப் பத்தே போட்டுருதேன்."

அவள் முகம் முன்னைவிடக் கடுத்துவிட்டது.

"பத்து வேண்டாம். முந்நூறு பேரும் பாவம் பாத்துப் போட்டதுன்னு சொல்லவா? இங்கயே உக்காந்து ஆடுங்க. என் கீபோர்டுல, என் கண்ணு முன்னாடி. பொறவு எம்புட்டு வருதோ அம்புட்டுப் போடுங்க."

நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். இம்மானுவேல் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கினார். நடுவே கோடு கிழித்தார். ஸ்பேஸ் கீயை நாலு தடவை அழுத்திப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் ஆரம்பித்தார்.

ரேஷன் கார்டில் முகவரி மாற்ற வந்திருந்த சண்முகத்தாய் என்ற அம்மாள் பின்னால் வந்து நின்றாள்.

"ஏ, இது நம்ம திருவண்ணாமலைல்லா! அண்ணாச்சி, கொரங்கு வருது, கொரங்கு! வெளக்கக் குடுத்துராதீக!"

"செத்த நேரம் சும்மா இருங்கம்மா" என்றாள் யோகேஸ்வரி.

"நீ சும்மா இரு. அவிய பாட்டுக்குக் கொரங்கு பக்கமே போறாக."

கடையில் காத்திருந்த எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். பாதி மலையில் ஒரு இடம். பந்தம் அணைந்து படி இருட்டாக இருந்தது. குட்டை ஆள் நடந்துகொண்டே இருந்தவன் திடீரென்று காணாமல் போனான். சண்முகத்தாய் "அய்யோ" என்றாள். மறுபடி ஏறி வந்தார். அதே இடத்தில் மறுபடி விழுந்தான். வீட்டில் ஆடியபோதெல்லாம் கூட்டத்து மொட்டைத் தலைகளைப் பார்த்துக்கொண்டு ஓரமாகப் போனதில் அந்தக் குழியில் விழவில்லை. உச்சியை எட்டாமல் விழுந்தவன் மலையடிவாரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. இம்மானுவேல் நிறுத்தி யோசித்தார். குச்சியை 'அவன்' பக்கம் போடப் போனவர், அந்த வார்த்தையை அடித்துவிட்டு 'அவ' என்று எழுதி அதன் கீழே இரண்டு போட்டார்.

"அது எதுக்கு என் பக்கம்?" என்றாள் யோகேஸ்வரி.

"கண்ணுக்குத் தெரியாத குழி."

"மலையில நெசமாவே அந்த எடத்துல ஒரு படி ஒடஞ்சு கெடக்கு. எங்கம்மா அதுல விழுந்து எந்திரிச்சிருக்கா."

"அங்க விழுந்தா பக்கத்துல நாலு பேரு தூக்கி விடுவாக. இங்க அடிவாரத்துல இருந்துல்லா வரணும்?"

அவள் குனிந்து அந்த இரண்டு குச்சியையும் பார்த்தாள்.

உச்சிக்கு வந்தார். அழுத்திப் பிடித்தார். குட்டை ஆள் பள்ளத்தின் மேல் பறந்து மண்டபத்தில் இறங்கினான். சண்முகத்தாய் கையைத் தலைக்கு மேல் கூப்பி "கோவிந்தா" என்றாள். கூட நின்ற நாலைந்து பேரும் சொன்னார்கள். ஆராதனைக்குத் தவறாமல் போகிற இம்மானுவேல், என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். பழைய வரிகளை அழிக்கவில்லை. அதற்கு மேலே எழுதினார்.

'கீழே நான் எழுதியிருப்பது தப்பு. என் கீபோர்டில் பஞ்சு அடைந்திருந்தது, நான் பார்க்கவில்லை. கட்டியவர் பொய் சொல்லவில்லை. தாவலை இன்று அவர் கடையில், அவர் முன்னாலேயே தாவினேன். கூட்டம், குரங்கு, படி எல்லாம் அருமை. பாதி மலையில் தெரியாத குழி இருக்கிறது, விழுந்தால் அடிவாரத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. ஏழு மார்க்.'

"எட்டு" என்றாள் யோகேஸ்வரி, தோளுக்கு மேலாக.

"குழிய மூடு, எட்டுத் தாரேன்."

"மூட மாட்டேன்."

"அப்ப ஏழுதான்."

"சரி, ஏழே இருக்கட்டும்." சொல்லும்போதே சிரித்துவிட்டாள். அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்து லெவலை மறுபடி ஏற்றினாள். கீழே 'நான் முடித்தேன்' என்று எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகத் தட்டினாள். மணி இரண்டேகால். சிவகாசியிலிருந்து நவநீதகிருஷ்ணன் சேர்த்துக்கொண்டதாகச் செய்தி அனுப்பினார். அவள் எல்லோருக்கும் டீ சொன்னாள்.

டீயைக் குடித்துக்கொண்டே கேட்டாள். "அண்ணாச்சி, அந்தப் பஞ்சு எத்தன நாளா உள்ள கெடந்துச்சு?"

"தெரியல."

"எனக்குச் சரியாப் போச்சு. மத்தவுகளுக்கு?"

இம்மானுவேல் டம்ளரைக் கீழே வைத்தார்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் எழுதியதை எல்லாம் போனில் பின்னாலிருந்து படித்துக்கொண்டே வந்தார். 'தாவல் இறுக்கம்', 'ஒரு நூல் குறைகிறது', 'தாவலில் தாராளம் இல்லை'. ஆவணி மாதத்திலிருந்துதான் இந்தப் பாட்டு. அதற்கு முன்னால் அவர் தாவலைக் குறை சொன்னதே இல்லை. ஒன்பது லெவல். ஒன்பதுக்கும் தாவலுக்காக ஒன்றோ இரண்டோ மார்க் குறைத்திருந்தார். ஒரு மில்லில் ஒன்பது லாட் நூலைத் தப்பாகக் கழித்தவனை வேலையில் வைத்திருப்பார்களா என்று யோசித்தார். வைத்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையை வாசலிலேயே உதறினார். ஏசம்மாள் நடந்ததைக் கேட்டாள். சொன்னார்.

"ஒம்போதையும் மறுபடி ஆடணுமா? மும்மூணு தடவ?"

"ஆமா."

"உங்களுக்குத் தேவதான்" என்று பிரஷ்ஷை எடுத்துக் கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டுத் தைக்கப் போனாள்.

குழுவில் ஒன்பது பேருடைய பேரையும் போட்டு, ஆவணியிலிருந்து தான் போட்ட மார்க் செல்லாது, மறுபடி ஆடிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினார். எழுதிய அஞ்சாவது நிமிஷம் போன் அடித்தது. கிளாட்வின்.

"அண்ணே, பட்டியல்ல என் பேரு இருக்கு! எனக்கு நாலு போட்டீங்க!"

"ஆமாலே, மறுபடி ஆடிப் பாக்கேன்."

"பஞ்சாலதான் நாலுன்னு அன்னைக்கே நெனச்சேன்."

"ஏலே, உன்னுதுல தாவலுக்கு ஒரு மார்க்தான் கொறச்சேன். மத்த அஞ்சு வேற கத. பஞ்சு மேல பழியப் போடாத" என்று சொல்லிவிட்டு, இம்மானுவேல் ஒன்பதில் முதல் லெவலைத் திறந்தார்.